ஓய்வூதியச் சட்டம் போட்ட ஒரு மந்திரியும், ஓய்வூதியம் வாங்கிய ஒரு ராஜாவும்



போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். பேங்க்கில் வேலை. "டீச்சர், வி.ஆர்.எஸ். கொடுத்துடலாமான்னு யோசிக்கிறேன். ஆனா ரெண்டு நாள் சேர்ந்தாப்ல லீவு வந்தாலே எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. ரிட்டயர் ஆனப்புறம் நீங்க எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? "எழுதிப் போடுறேன், படிச்சுக்கோ" என்றேன். உங்களில் பலர் ஐம்பதைத் தொட்டுவிட்டீர்கள். எல்லோருக்குமாகவே எழுதுகிறேன். நான் சரித்திர ஆராய்ச்சியாளர் இல்லை. நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் சமூக அறிவியல் நடத்தியவள். ஆகவே பாடம் போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. 58 வயது, 60 வயது என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறார்களே, இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

என் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். என் பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி 1.6.1961. எங்கள் அம்மா சாகும்வரை சொன்னது, "நீ கார்த்திகை மாசம் அடைமழையில பொறந்தவ" என்று. பிறகு ஜூன் எப்படி வந்தது? என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பெரிய வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டு எழுதிக்கொள்வார். எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் ஆனது இப்படித்தான். ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளோடு பணி முடியும். ஆக, 1966இல் என் கை காதைத் தொட்டதால், 2019 மே 31ஆம் தேதி எனக்கு மாலை போட்டு அனுப்பினார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை. மறு வருஷம், 2020 மே மாதம், தமிழக அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. 2021இல் 60 ஆக்கியது. என்னைவிட ஒரே வயது இளையவரான என் பக்கத்து வகுப்பு டீச்சர், எனக்குப் பிறகு மூன்று வருஷம் கழித்து 2022இல் ஓய்வு பெற்றார். ஆந்திராவில் 1983 பிப்ரவரியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. என்.டி.ராமராவ் அரசு 58ஐ 55 ஆகக் குறைத்தது. ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்த அத்தனை பேரும் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். பிறகு மீண்டும் 58 ஆக்கினார்கள். மத்திய அரசு 1962இல் 55ஐ 58 ஆக்கியது, 1998இல் 60 ஆக்கியது. இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் தேதி உங்கள் திறமையைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. அது ஒரு அரசாணை, அவ்வளவுதான். மே 31 சாயங்காலம் தெரிந்த கணக்கு ஜூன் 1 காலையில் மறந்தா போய்விடும்?

இப்போது மந்திரி கதைக்கு வருகிறேன்.

வயதானவர்களுக்கு அரசாங்கமே ஒரு தொகை தர ஏற்பாடு செய்யும் முறையை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியதில் முதலில் பேசப்படுவது ஜெர்மனி. ஆண்டு 1889. சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் பிஸ்மார்க், ஜெர்மானியப் பேரரசின் முதல் தலைமை அமைச்சர். ஏழைகள் மேல் இரக்கப்பட்டு மட்டும் அவர் செய்யவில்லை. தொழிலாளிகள் சோஷலிஸ்ட் கட்சிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். 1878இல் அந்தக் கட்சியை ஒடுக்கச் சட்டம் போட்டுப் பார்த்தார், அடங்கவில்லை. அரசாங்கத்தின் மேல் தொழிலாளிக்கு ஒரு பிடிப்பு வரட்டும் என்று நோய்க்கும் விபத்துக்கும் காப்பீடு கொண்டுவந்தார். அடுத்ததாக முதுமைக்கும் கொண்டுவந்தார். தொழிலாளி கொஞ்சம், முதலாளி கொஞ்சம், அரசு கொஞ்சம் என்று மூன்று பேரும் போட வேண்டும். பணம் எந்த வயதில் கிடைக்கும்? 70! அந்தக் காலத்துத் தொழிலாளிகளில் எழுபதைத் தொட்டவர்கள் குறைவு.

பிஸ்மார்க் தன் வயதைப் பார்த்துத்தான் 65 என்று வைத்தார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. நம்பாதீர்கள். சட்டம் வந்தபோது அவருக்கு 74 வயது. ஜெர்மனியில் 65 என்று குறைந்தது 1916இல், அவர் செத்துப் பதினெட்டு வருஷம் கழித்து. இங்கிலாந்தும் 1908இல் சட்டம் போட்டு, 1909 ஜனவரி முதல் தேதியிலிருந்து எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை தபால் ஆபீஸ் வழியாகக் கொடுத்தது.

சரி, சட்டம் போட்ட மந்திரி எப்படி ஓய்வு பெற்றார்? அதுதான் பாடம். 1890 மார்ச் மாதம் புதிய சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் அவரை ராஜினாமா செய்ய வைத்து அனுப்பினார். சக்கரவர்த்திக்கு வயது 31. பிஸ்மார்க்குக்கு 75 நிறைய இன்னும் சில நாள்தான் பாக்கி. பிரஷ்யாவின் பிரதமராக 1862இல் அமர்ந்தவர். 28 வருஷம் ஐரோப்பாவையே ஆட்டிப்படைத்தவர். ஹாம்பர்க் பக்கத்தில் ஃப்ரீட்ரிக்ஸ்ரூ என்ற இடத்தில் அவருக்குப் பெரிய வீடு, சுற்றிலும் சொந்தக் காடு. பணத்துக்குக் குறைவில்லை. பார்க்க வருகிறவர்கள் வரிசையில் நின்றார்கள்.

ஆனால் மனிதர் அமைதியாக இருக்கவில்லை. ஹாம்பர்க் பத்திரிகை ஒன்றின் வழியாகத் தனக்குப் பின் வந்தவர்களைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். 1891இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும் ஒரு நாள்கூடப் போய் உட்காரவில்லை. 1896இல், ரஷ்யாவோடு தான் செய்திருந்த ரகசிய ஒப்பந்தத்தை அதே பத்திரிகையில் வெளிவிட்டார். எனக்கு அப்புறம் வந்தவர்கள் கெடுத்தார்கள் பாருங்கள் என்று காட்டுவதற்காக! நினைவுக் குறிப்புகள் எழுதினார். அதில் சக்கரவர்த்தியைப் பற்றிய மூன்றாம் பாகம், சக்கரவர்த்தியே பதவி இழந்த பிறகு 1921இல்தான் வெளிவந்தது. எட்டு வருஷம் இப்படியே போய், 1898இல் காலமானார். நாட்டுக்கே ஓய்வூதியம் தந்தவருக்கு ஓய்வாக இருக்கத் தெரியவில்லை.

சிரிக்காதீர்கள், இந்த பிஸ்மார்க் எல்லா வீட்டிலும் இருக்கிறார். எங்கள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற முதல் வருஷம் (அவரிடம் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன்), தினமும் காலையில் ஆபீஸுக்கு ஒரு போன். "அந்த ஃபைல் என்னாச்சு?" முதலில் மரியாதையாகப் பதில் சொன்னார்கள். பிறகு "மீட்டிங்கில் இருக்கார் சார்" என்றார்கள். பிறகு எடுக்கவில்லை. அதற்கப்புறம் வீடு ஆபீஸ் ஆனது. பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் கணக்கு, ஃபிரிட்ஜை எத்தனை தடவை திறக்கிறோம் என்ற கணக்கு. அவர் இழந்தது வேலையை இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. உள்ளே நுழைந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்களே, அதைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

இப்போது ராஜா கதை. இதற்கு ஜெர்மனி போக வேண்டாம். என்னிடம் படித்தவர்கள் பட்டுக்கோட்டையிலிருந்து வேன் வைத்து மனோரா பார்க்க வந்தது ஞாபகம் இருக்கிறதா? கடற்கரையில் அறுகோணமாக, எட்டு அடுக்கோடு நிற்குமே, அதைக் கட்டிய தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி.

சரபோஜி 1777இல் பிறந்தவர். துளஜா மகாராஜா தன் கடைசிக் காலத்தில், 1787இல், பத்து வயதுகூட ஆகாத பிள்ளையாக இவரைத் தத்து எடுத்தார். சித்தப்பா முறையான அமர்சிங் அரியணையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையைக் காப்பாற்றிப் படிக்க வைத்தவர் சுவார்ட்ஸ் பாதிரியார். 1798இல் ஒருவழியாக முடிசூட்டு. ஆனால் மறு வருஷமே, 1799 அக்டோபரில், கம்பெனிக்காரர்கள் ஒப்பந்தம் எழுதி வாங்கிவிட்டார்கள். தஞ்சை நாட்டு நிர்வாகம் முழுவதும் ஆங்கிலேயருக்கு. ராஜாவுக்குக் கோட்டையும் அதைச் சேர்ந்த நகரமும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். ராஜா என்ற பட்டம் உண்டு, ராஜ்யம் இல்லை. அவருக்கு அப்போது 22 வயது! நமக்கெல்லாம் வேலை கிடைக்கிற வயதில் அவருக்கு ஓய்வூதியம் எழுதிவிட்டார்கள்.

அதன் பிறகு 33 வருஷம் இருந்தார். என்ன செய்தார் தெரியுமா?

நாயக்கர் காலத்திலிருந்து அரண்மனையில் இருந்த சுவடி நூலகத்தைப் பெரிதாக்கினார். பண்டிதர்களை அனுப்பிச் சுவடிகள் சேகரித்தார், கிடைக்காதவற்றைப் படி எடுக்க வைத்தார். ஐரோப்பாவிலிருந்து புத்தகங்கள் வரவழைத்துத் தானும் படித்தார். இன்றைய சரசுவதி மகால் நூலகம் அதுதான். 1918இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. 1803இல் பெரிய கோவில் சுவரில் தன் வம்ச வரலாற்றை மராத்தியில் நீளமாகக் கல்வெட்டாக வெட்டி வைத்தார். 1805 வாக்கில் தேவநாகரி எழுத்தில் அச்சுக்கூடம் போட்டார். 1806இல் அங்கே அச்சானவற்றில் ஒன்று, ஈசாப் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பு. குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் போட்ட ராஜா என்றால் எந்த டீச்சருக்குத்தான் பிடிக்காது?

தன்வந்திரி மகால் என்று வைத்து வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்தார். கண் நோயாளிகளின் கண்ணை வண்ணத்தில் படமாக வரைந்து, வந்தபோது எப்படி இருந்தது, என்ன சிகிச்சை செய்தது என்று எழுதி வைத்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன. வைத்திய முறைகளைத் தமிழில் பாட்டாக எழுத வைத்தார். உரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் கட்டி, வழிப்போக்கர்களுக்குச் சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வழி செய்தார். சுவார்ட்ஸ் பாதிரியாருக்கு இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மனிடம் பளிங்குச் சிற்பம் செய்ய வைத்துத் தஞ்சாவூர் தேவாலயத்தில் நிறுத்தினார். தன் ஆசிரியருக்கு ஒரு மாணவர் செய்தது அது. 1820இல் காசிக்குக் கிளம்பி 1822இல் திரும்பினார். 1832இல் காலமானார்.

அவரைக் கோவிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. அந்தப் பணம் காவிரிக் கரை விவசாயி கொடுத்த வரி. மனோராகூட நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததைக் கொண்டாடக் கட்டியதுதான். நாட்டைப் பிடுங்கிக்கொண்டவர்களின் வெற்றிக்கு இவர் கோபுரம் கட்டினார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஆனாலும் பிஸ்மார்க்கையும் இவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பறிபோன அதிகாரத்தை எட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவர் ஒருவர். அதிகாரம் இல்லாமலே செய்யக்கூடிய வேலை எது என்று முப்பத்துமூன்று வருஷம் செய்துகொண்டிருந்தவர் இன்னொருவர். சுவடி சேர்க்கக் கம்பெனியின் உத்தரவு வேண்டியதில்லை. நோயாளியின் கண்ணைப் பார்த்து எழுதி வைக்கவும் வேண்டியதில்லை.

என் மாணவர் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். ஓய்வு பெறுவதற்கு முன்னால் உங்கள் வேலையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நாற்காலியோடு சேர்ந்தது எது, உங்கள் கையோடு சேர்ந்தது எது? கையெழுத்துப் போடுவது, லீவு சாங்ஷன் பண்ணுவது, மேனேஜர் என்று கூப்பிடப்படுவது, இதெல்லாம் நாற்காலியோடு போய்விடும். கணக்கு, கணக்கில் தவறு கண்டுபிடிக்கும் கண், படிக்காத ஒருவருக்குப் புரியும்படி சொல்லும் பொறுமை, இதெல்லாம் கூடவே வரும்.

எனக்கும் முதல் ஜூன் கஷ்டமாகத்தான் இருந்தது. 34 வருஷப் பழக்கம். ஒன்பது மணி ஆனால் கால் வாசல் பக்கம் போகும். பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஓய்வு கொடுத்தார்கள், அடுக்களையில் கொடுக்கவில்லை. "இனிமே வீட்லதானே இருக்கப் போற" என்று ஆளாளுக்கு ஒரு வேலை எடுத்துக்கொண்டு வந்தார்கள். (உறவுக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை என் நேரம் என்று சொல்லிவிட்டேன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் திண்ணைக்கு வருகிறார்கள். காசு வாங்குவதில்லை, மார்க் போடுவதில்லை. "டீச்சர் அடிப்பாங்களா?" என்று ஒரு குட்டி கேட்டது. "ரிட்டயர் ஆயிட்டேன்டா" என்றேன். அவர்கள் போனதும், தெருவில் உள்ள கிழவிகளுக்கு முதியோர் உதவித்தொகை மனு எழுதிக் கொடுக்கிறேன்.

அந்த மனு எழுதும்போதுதான் இன்னொரு பக்கமும் உறைத்தது. சரபோஜி நிம்மதியாகச் சுவடி சேர்த்தார் என்றால், மாதம் என்ன சாப்பிடுவது என்ற கவலை அவருக்கு இல்லை. என் திண்ணைப் பள்ளிக்கூடமும் அப்படித்தான். மாதக் கடைசியில் எனக்கு ஓய்வூதியம் பேங்க்கில் ஏறுகிறது. அது ஏறாவிட்டால் நான் ட்யூஷனுக்குக் காசு கேட்டிருப்பேன், வேறு வழி?

அந்தக் காலத்தில் ஓய்வூதியம் என்பது கொடுப்பவர் இஷ்டம். 1818இல் ஆங்கிலேயரிடம் சரணடைந்த பேஷ்வா இரண்டாம் பாஜிராவுக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 1851இல் அவர் இறந்ததும் வளர்ப்பு மகன் நானா சாகிபுக்கு இல்லை என்றார்கள். லண்டன் வரை ஆள் அனுப்பி முறையிட்டும் நடக்கவில்லை. 1857இல் கான்பூரில் அவர் என்ன செய்தார் என்பது பாடப் புத்தகத்தில் இருக்கிறது. 1871இல் வந்த ஓய்வூதியச் சட்டம் ஒரு நன்மை செய்தது, கடன்காரர் ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது. ஆனால் ஓய்வூதியம் கேட்டு நேராக சிவில் கோர்ட்டுக்குப் போகவும் அதே சட்டம் விடவில்லை.

இதை மாற்றியவர்கள் நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள்தான். பீகார் கல்வித் துறையில் வேலை பார்த்த தேவகிநந்தன் பிரசாத் தொடுத்த வழக்கில், ஓய்வூதியம் அரசின் கருணை அல்ல, ஊழியரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1971இல் சொன்னது. பிறகு நகாரா வழக்கு. பாதுகாப்புத் துறைப் பணியிலிருந்து 1972இல் ஓய்வு பெற்றவர் டி.எஸ்.நகாரா. 1979 மார்ச் 31க்குப் பிறகு ஓய்வு பெறுகிறவர்களுக்கு மட்டும் கூடுதல் கணக்கு என்று அரசு ஒரு கோடு போட்டது. ஒரு தேதியை வைத்து முதியவர்களை இரண்டாகப் பிரிக்கலாமா என்று அவர் கேட்டார். 1982 டிசம்பர் 17ஆம் தேதி, தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள், கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். ஓய்வூதியம் தானம் இல்லை, செய்த வேலைக்கானது என்றார்கள். டிசம்பர் 17ஐ நாங்கள் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுவது இதனால்தான். உங்கள் வீட்டுப் பெரியவர் அன்று காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பினால் கிண்டல் செய்யாதீர்கள்.

ஆனால் பிறகும் ஒரு தேதிக் கோடு வந்தது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் முதல் தேதி. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்த்தார்கள். என்னிடம் படித்து ஆசிரியரானவர்களில் பலர் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பை, ஒரே மாதிரி நடத்திய இரண்டு பேரில், ஒருவருக்கு முதுமைக்கு உறுதி உண்டு, இன்னொருவருக்கு அந்த உறுதி இல்லாமல் போனது. பழைய திட்டம் வேண்டும் என்று நீங்கள் வருஷக்கணக்கில் போராடியபோது, "இவங்களுக்குப் பேராசை" என்று பேசினவர்கள் உண்டு. பேராசை இல்லை. எழுபது வயதில் ஒருவர் திண்ணையில் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுக்க முடியுமா, இல்லை பிள்ளைகள் வீட்டு வாசலில் போய்க் கை நீட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இன்னும் ஒரு படி கீழே பாருங்கள். நாற்று நட்ட கைக்கு ஓய்வு வயதே கிடையாது. 1962இல் நம் மாநிலத்தில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் என்று உதவித்தொகை தொடங்கினார்கள். தொகை இப்போது கூடியிருக்கிறது. ஆனால் என் தெருக் கிழவிகள் இன்னும் அதை "மனுப் போட்டு வாங்குற காசு" என்றுதான் சொல்கிறார்கள். ஐம்பது வருஷம் சேற்றில் நின்றதற்கு வரவேண்டியது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, ஓய்வுக் காலத்துக்கு இரண்டு வேண்டும். நிச்சயமான ஒரு வருமானம், யாரும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாத ஒரு வேலை. முதலாவதை நாடு செய்ய வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டியது எல்லோரும் சேர்ந்து. இரண்டாவதை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும், அதுவும் ஐம்பது வயதிலேயே.

கடைசியாக வீட்டுப்பாடம். ஐம்பது தாண்டினவர்கள் ஒரு தாளில், உங்கள் நாற்காலி போன பிறகும் உங்களிடம் இருக்கப்போகிற வேலைகள் மூன்றை எழுதி கீழே போடுங்கள். ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்கள், உங்கள் வீட்டில் அல்லது தெருவில் உள்ள வயதான ஒருவரிடம், "நீங்க என்ன வேலை நல்லா செய்வீங்க?" என்று கேட்டு அவர் சொன்னதை எழுதுங்கள். "செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள். "செய்வீர்கள்" என்று கேளுங்கள்.

எழுத்துப் பிழை இருந்தால் பழையபடி சிவப்பு மையில் வட்டம் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்